கடைசிப் பதினாறு பக்கம்

ஆகஸ்ட் 7, புதன்

காலையில் வடபழனி பிரிவியூ தியேட்டர். ஏ.சி. வழக்கம்போல் அளவுக்கு மீறி. பத்திரிகைக்காரர்களுக்கு வைத்திருந்த கட்லெட்டில் உப்பில்லை. இதையெல்லாம் ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், மற்றதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

முப்பத்தைந்து வருடமாகப் புத்தகத்துக்கும் படத்துக்கும் மார்க் போடுகிறவன் நான். வார இதழில் 'கறார்' என்று போட்டால்தான் தெரியும். சபாரத்தினம் என்ற சொந்தப் பெயர் மனைவிக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும்தான். நூற்றுக்கு அறுபதைத் தாண்டி யாருக்கும் கொடுத்ததில்லை. அதையும் இடைவேளையிலேயே அழைப்பிதழின் பின்பக்கம் எழுதிவிடுவேன். பிற்பாதியில் எவனும் என் மனதை மாற்றியதில்லை. இன்று அழைப்பிதழின் பின்பக்கம் காலியாகவே வீடு வந்து சேர்ந்தது.

படம் 'ஜன்னல் கொக்கி'. இளம்பரிதி என்ற இளைஞருக்கு இரண்டாவது படம். சுகந்தி என்று ஒரு பெண். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. கணவன் இறந்தபிறகு ஒரு மாடி வீட்டுக்குத் தனியாகக் குடிவருகிறாள். காலையில் திறந்து வைத்துவிட்டுப் போகிற படுக்கையறை ஜன்னல், சாயங்காலம் வந்து பார்த்தால் சாத்தி உள்பக்கம் கொக்கி போட்டிருக்கிறது. தினமும். வேறு எதுவும் தொலையவில்லை, ஒரு டம்ளர்கூட நகரவில்லை. "நீங்களே சாத்திட்டு மறந்திருப்பீங்க" என்கிறார் வீட்டுக்காரர். அண்ணன் டாக்டரிடம் கூட்டிப்போகிறான். பூட்டை மாற்றிவிட்டால் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் மாற்றிய பிறகும் ஜன்னல் சாத்தியிருந்தால்? அந்தப் பயத்தில் அவள் பூட்டை மாற்றாமலே இருக்கிறாள். இரண்டு மணி நேரம் நானும் அவளோடு சேர்ந்து பயந்தேன். என் வயது அறுபத்து நான்கு.

கடைசிப் பதினோரு நிமிடம் வசனமே கிடையாது. சுகந்தி ஒருநாள் லீவு போட்டுவிட்டு பீரோவுக்குப் பின்னால் நிற்கிறாள். பகல் ஒரு மணிக்கு வாசலில் சாவி திரும்புகிறது. அந்த வீட்டில் முன்பு குடியிருந்தவள். நேராக ஜன்னலுக்குப் போகிறாள். சாத்துகிறாள். கொக்கியை மாட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறாள். பிறகு குனிந்து, அங்கே இல்லாத ஒரு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போகிறாள். அது கம்பி வைக்காத ஜன்னல் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. யாரும் எதையும் விளக்கவில்லை. மறுநாள் காலை சுகந்தி வேலைக்குக் கிளம்பி, பாதிப் படியில் நின்று, திரும்பி வந்து, அந்த ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்துவிட்டுப் போகிறாள். வருகிறவளுக்குச் சாத்த ஒரு ஜன்னல் வேண்டுமே.

விளக்குப் போட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பக்கத்து சீட்டில் எப்போதும் கொட்டாவி விடுகிற தினசரிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சினிமா இப்படியும் செய்யும் என்பதை நான் மறந்து ரொம்ப வருடம் ஆகியிருக்கிறது.

வெளியே இளம்பரிதி கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த முடிவு எங்கிருந்து பிடிச்சீங்க?" என்றேன். "நாவல்ல இருக்கிறதுதான் சார். நான் ஒண்ணும் பண்ணல" என்றார். தன்னடக்கம்! அந்த நாவலுக்கு முதல் மதிப்புரை எழுதியவனே நான்தான். 2001 புத்தகக் காட்சிச் சிறப்பிதழில். அதில் முடிவென்று ஒன்று கிடையவே கிடையாது.

ஆகஸ்ட் 8, வியாழன்

சிலிண்டர் வந்தது. வாஷர் சரியில்லை என்று திருப்பி அனுப்பி, வேறு வாங்குவதற்குள் பத்தரை மணி.

இதழின் ஆசிரியர் பெனாசிர் போன் செய்தாள். முப்பது வயதில் ஆசிரியர், ஆனால் கெட்டிக்காரி. "சார், படத்துக்கு ரெண்டு பக்கம். கூடவே உங்க பழைய மதிப்புரையை ஒரு பெட்டிச் செய்தியா போடறோம். 'முடிவில்லாத நாவலுக்கு முடிவு எழுதிய சினிமா'ன்னு தலைப்பு. எப்படி?"

அபாரம் என்றேன். அந்தப் பழைய மதிப்புரையை அவளே போனில் படித்துக் காட்டினாள். "நாயகிக்குப் பித்து என்று எழுதத் தைரியமில்லை, இல்லை என்று எழுதத் துப்பில்லை. அடுத்த நாவலைத் தொடங்குமுன் ஆசிரியை ஒரு நல்ல மனநல மருத்துவரைப் பார்ப்பது உத்தமம், கதைக்காகத்தான் சொல்கிறேன்." நூற்றுக்கு இருபத்திரண்டு. அந்த மருத்துவர் வரி அந்த நாளில் பிரசித்தம். இலக்கியக் கூட்டங்களில் என்னைப் பார்த்தால் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பெனாசிர் சிரிக்கவில்லை. தலைமுறை அப்படி.

எழுதியவர் மதுரைக்காரர், தெ. அங்கயற்கண்ணி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். அது முதல் நாவல். இரண்டாவது வந்ததாகத் தெரியவில்லை. எழுதாமல் போகிறவர்களுக்கெல்லாம் நானா பொறுப்பு?

முதல் வரி எழுதிவிட்டேன்: "நாவலாசிரியையால் முடியாததை இயக்குநர் முடித்துக் காட்டியிருக்கிறார்."

ஆகஸ்ட் 9, வெள்ளி

படம் இன்று ரிலீஸ். மனைவி மரகதத்தையும் கூட்டிக்கொண்டு குரோம்பேட்டையில் மாட்டினி போனேன். ஒரே படத்தை ஒரே வாரத்தில் இரண்டு முறை நான் கடைசியாகப் பார்த்தது கல்யாணமான புதிதில்.

தெரிந்த முடிவுதான். இருந்தும் அந்தச் சாவி திரும்புகிற சத்தத்தில் மறுபடி முதுகுத்தண்டு சிலிர்த்தது. தியேட்டரில் பாப்கார்ன் மெல்லுகிற சத்தம்கூட இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. நான் ஏன் பெருமைப்பட வேண்டும் என்பது வேறு விஷயம்.

வெளியே ஆட்டோவுக்கு நிற்கும்போது மரகதம் சொன்னாள்: "புஸ்தகத்துல இருந்த மாதிரியே எடுத்திருக்கான்."

"எந்தப் புஸ்தகத்துல?"

"இந்தப் புஸ்தகத்துலதான். வாடகை நூலகத்துல எடுத்துப் படிச்சேனே. அந்தம்மா இல்லாத புள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டுப் போற இடம் வந்ததும் மூடி வச்சிட்டு அழுதேன்."

"அதுல முடிவே இல்லை மரகதம்."

"ஏங்க, நான் படிச்சேங்கறேன்."

"அப்ப நான் அப்படி எழுதினப்போ ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உங்களுக்கு அந்த முடிவு புரியலை போலன்னு நினைச்சேன். புரியலைன்னு உங்ககிட்ட யாரு சொல்றது?"



ஆகஸ்ட் 10, சனி

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் இல்லை.

பக்கத்துத் தெரு வாடகை நூலகம் எப்போதோ மொபைல் கடையாகிவிட்டது. படத்தையொட்டி நாவலுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதாம். நாளை வாங்க வேண்டும்.

ஒன்றை இங்கே குறித்து வைக்கிறேன். புத்தகக் காட்சிச் சமயத்தில் மதிப்புரைக்கு முழுப் புத்தகம் வராது. பைண்டிங் ஆவதற்கு முன்பே அச்சான ஃபாரங்களை உதிரியாக அனுப்பிவிடுவார்கள். ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம். நாங்கள் அதை வைத்தே எழுதிவிடுவோம். எல்லாரும் செய்ததுதான். எனக்கு வந்தது பதின்மூன்று ஃபாரம், 208 பக்கம். சுகந்தி ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள் என்று முற்றுப்புள்ளியோடு முடிந்திருந்தது. பதினாலாவது ஃபாரம் இருந்திருந்தால் அது எனக்கு வரவில்லை. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

புத்தகம் வாங்கினேன். கடையிலேயே நின்று 209-ஆம் பக்கத்திலிருந்து படித்தேன். கடைக்காரர் ஸ்டூல் போட்டார். உட்காரவும் தோன்றவில்லை.

நான் என்னவென்று எழுதுவேன்! படத்தில் பதினோரு நிமிடம். இங்கே பதினாறு பக்கம். அந்தப் பதினாறு பக்கமும் வருகிறவளின் பார்வையில் இருக்கிறது. அதுவரை 208 பக்கம் சுகந்தியின் மூச்சு நம் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்ததே, சட்டென்று அவள் காணாமல் போகிறாள். பஸ்ஸில் வருகிற ஒரு பெண், எந்த நிறுத்தத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், வீட்டுக்காரர் எத்தனை மணிக்குச் சாப்பிட்டுத் தூங்குவார் என்று யோசித்துக்கொண்டே வருகிறாள். அழுகை இல்லை. செத்தது என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் நினைக்கிறாள்: "இன்றைக்கு ஆயிற்று." அவ்வளவுதான். நாளைக்கு மறுபடி சாத்த வேண்டும். அந்த இரண்டு சொல்லைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

இளம்பரிதி பொய் சொல்லவில்லை. அவர் படம் மலை என்றால் இது அதற்குப் பின்னாலிருந்த பெரிய மலை. இத்தனை வருடத்தில் நான் மதிப்பிட்ட புத்தகங்களை அடுக்கினால் இந்த வீடு கொள்ளாது. அதில் ஆகப் பெரியதற்கு நான் போட்டது இருபத்திரண்டு.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். சாயங்காலம் ஆனது தெரியவில்லை. மரகதம் வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

புதிதாக எழுதினேன். படத்துக்கு எண்பத்தெட்டு. நாவலுக்கு மார்க் போட எனக்கு யோக்கியதை இல்லை என்று பகிரங்கமாக எழுதிவிட்டேன். மருத்துவர் வரிக்கு மன்னிப்பு. பிறகு விளக்கம்: "கடைசி ஃபாரம் எனக்கு வந்து சேரவில்லை. முடிவைப் படிக்காமலேயே முடிவில்லை என்று எழுதிவிட்டேன்."

மரகதத்திடம் காட்டினேன். பீன்ஸ் நாரெடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள்.

"வந்து சேரலைன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"சரி."

அவள் சரி என்று சொல்வதில் பல தினுசு உண்டு. இது எந்தத் தினுசு என்று நான் ஆராயவில்லை.

எழுதியதை அச்சேற்றுமுன் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் அல்லவா? இளம்பரிதியிடம் நம்பர் வாங்கி மதுரைக்குப் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் பேசிய குரல், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுகிறது. 'கறார்' என்று சொன்னேன்.

"சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அந்தப் பதினாறு பக்கத்தைப் பற்றி ஏதோ உளறினேன். எழுதிப் பிழைக்கிறவன், ஒரு வாக்கியம் உருப்படியாக வரவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஆபீஸ்ல ஆறு மாசம் எங்கிட்ட லைன் கேக்கறதுக்குப் பதிலா 'டாக்டருக்குப் போடவா'ன்னு கேட்டாங்க. வீட்டுலயும் அதே பேச்சுதான். சரி போதும்னு பேனாவை மூடி வச்சிட்டேன்" என்றார். கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. பிறகு கேட்டார்: "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தக் கடைசி ஃபாரம் உங்களுக்கு வந்துச்சா, வரலையா?"

"வரலைங்க."

"நினைச்சேன். நாச்சியப்பன்தான் பதிப்பிச்சவர். உங்க ஆபீசுக்கே நேர்ல வந்து உங்க கையிலயே கொடுத்தேன்னு சத்தியம் பண்ணார். பத்திரிகைக்கு மறுப்பு எழுதுவோம்னாரு. கொடுக்கவே கொடுக்காம எந்த முகத்தோடங்க எழுதறதுன்னு கேட்டேன். அதோட அவர்கிட்ட பேச்சை விட்டுட்டேன். சாகும்போதுகூடப் போய்ப் பாக்கல. பொய் சொன்ன மனுஷன்தானேன்னு இருந்துட்டேன்."

நான் "ம்" என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

பீன்ஸ் பொரியல் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்று மாலை நான்கு மணிக்கு இதழ் அச்சுக்குப் போகிறது. இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

நாச்சியப்பன் வந்தார். 2001 ஜனவரி, பொங்கலுக்கு முந்தைய வாரம், பகல் மூன்று மணி இருக்கும். திருவல்லிக்கேணி அச்சகத்திலிருந்து டிவிஎஸ் 50-இல் நேராக வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பழுப்பு உறை. "கடைசி ஃபாரம் சார். மை இன்னும் காயல, பாத்துப் பிரிங்க" என்று என் கையில் கொடுத்தார். நாற்காலி இருந்தது. நான் உட்காரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

என் மதிப்புரை அன்று காலையே கம்போஸ் ஆகியிருந்தது. அப்போதைய ஆசிரியர் மருத்துவர் வரியை ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி வாசித்துக் காட்டியிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். கம்போசிங் வேலையிலிருந்து தலைநிமிராத ஃபோர்மன்கூடச் சிரித்தார். உறையைப் பிரித்தால் அந்த வரி போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலேயே அது தெரிந்தது. இழுப்பறையில் போட்டேன். ஆபீஸ் இடம் மாறியபோது பழைய பேப்பரோடு போயிருக்கும்.

இருபத்து மூன்று வருடமாக 'வரவில்லை' என்று யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நேற்றுதான் முதல் முதலாக வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன அந்த நிமிடத்தில் ஒரு செத்த மனிதரை மறுபடி பொய்யராக்கினேன். நல்லவர். சிவகங்கைப் பக்கம் நிலத்தை விற்றுப் பதிப்பகம் தொடங்கியவர். இந்த நாவலை யாரும் தொடாதபோது அதை அச்சிட்டவர்.

மூன்றரைக்குப் பெனாசிரைக் கூப்பிட்டேன்.

"ஒரு வாக்கியம் மாத்தணும்மா."

"பேஜ் லாக் பண்ணியாச்சு சார்."

"திறம்மா. 'கடைசி ஃபாரம் எனக்கு வந்து சேரவில்லை'ங்கறதை எடு. எழுதிக்கோ: 'கடைசி ஃபாரத்தைப் பதிப்பாளர் நாச்சியப்பன் நேரில் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் பிரிக்கவில்லை.'"

எதிர்முனையில் கீபோர்டு சத்தம் பாதியில் நின்றது. "சார், இது வந்தா அப்புறம் 'கறார்'ங்கற பேர்ல நீங்க விமர்சனம் எழுத முடியாது. உங்களுக்கே தெரியும். 'வந்து சேரவில்லை'ன்னே இருக்கட்டுமே. தப்பு யாருதுன்னு யார் கேக்கப் போறாங்க?"

"நாச்சியப்பன்."

"அவர்தான் உயிரோட இல்லையே சார்?"

"அதுக்காகத்தான்மா."

கீபோர்டு மறுபடி கேட்டது. பத்திரிகை பாஷையில் அதற்கு அர்த்தம் சம்மதம்.

அறையை விட்டு வெளியே வந்தபோது மரகதம் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். "காபி போடட்டுமா?" என்றாள். கேட்காமல் போடுகிறவள் அவள்.

ஆகஸ்ட் 14, புதன்

அங்கயற்கண்ணிக்குப் போன் செய்து முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று நான்கு தரம் போனை எடுத்தேன். தைரியமில்லை.

பதிப்புத் தொழிலில் இருக்கிற பழைய நண்பர்கள் மூலம் விசாரித்தேன். நாச்சியப்பன் மனைவி காரைக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறாராம். விலாசம் கிடைத்தது. எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

இதழ் வந்துவிட்டது. பெனாசிர் அந்தப் பெட்டிச் செய்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாவலின் கடைசிப் பக்கத்தை, 224-ஆம் பக்கத்தை, அப்படியே போட்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவளிடம் வேலை பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். இனி அது எனக்குக் கிடைக்காது.

கீழே குடியிருப்போர் சங்கத்தில் கொடியேற்றம். போகவில்லை. போன் ஒலித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் துணிச்சல் என்றார்கள். ஒருவர் த்தூ என்றார். அவர் சொன்னது நெஞ்சில் சரியாக உட்கார்ந்தது.

பதினொன்றரைக்கு மதுரை.

"படிச்சேன்" என்றார் அங்கயற்கண்ணி.

நான் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். வாக்கியத்தை முடிக்க விடவில்லை.

"நாச்சியப்பன் வீட்டம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. காரைக்குடியில. விலாசம் எங்கிட்ட இருக்கு."

"சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

சொன்னேன். கதவு எண்ணை, தெருப் பெயரை, ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லி எழுதிக்கொண்டார். என் மதிப்புரையைப் பற்றியோ, அந்தப் பதினாறு பக்கத்தைப் பற்றி நான் இரண்டு பத்தி உருகியதைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. தமிழில் அப்படி ஒரு நாவல் எழுதிய பெண்மணி, நான் புகழ்ந்ததைக் கண்டுகொள்ளவே இல்லை. நான் போட்ட மார்க் எல்லாம் எவ்வளவு சின்னது என்று அந்த மௌனத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

"நீங்க போய்ப் பாத்தீங்களா அவங்களை?"

"இல்லைங்க. போகணும்."

"இருங்க. இருபத்து மூணு வருஷமா அந்த மனுஷனைப் பொய்யன்னு ஊரெல்லாம் சொன்னவ நான். ஒரு மணி பஸ்ல ஏறினா நாலு மணிக்குள்ள போயிருவேன். மொதல்ல நான் போயி அந்தம்மா கால்ல விழுந்துட்டு வந்துடறேன். நீங்க எனக்கு அப்புறம் போங்க."

வைத்துவிட்டார்.

மரகதத்திடம் காரைக்குடிக்கு டிக்கெட் பார்க்கச் சொன்னேன். நாளைக்கு இருக்கிறது என்றாள். நாளைக்கு வேண்டாம், அவர் போய்வந்து இரண்டு நாள் ஆகட்டும், ஞாயிற்றுக்கிழமைக்குப் போடு என்றேன். "நானும் வரட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம், இதற்கு நான் தனியாகத்தான் போக வேண்டும் என்றேன்.